குற்றம் வயிற்றில் இல்லை

ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் வால்பாறைப் பேருந்துக்குள் ஒரு சின்னப் பரபரப்பு எழும். பைக்குள் இருந்த எலுமிச்சம்பழம் கைக்கு வரும். மடித்து வைத்த பிளாஸ்டிக் கவர்கள் பிரியும். "ஏனுங்க்கா, பாப்பாவுக்கு பஸ்ஸு ஒத்துக்காதுங்க, சன்னலோரம் கொஞ்சம் குடுங்க" என்று ஒரு குரல் கேட்கும். முதல் வளைவே இன்னும் வந்திருக்காது. மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில், வண்டியை நிறுத்தி அணையைப் படம் எடுப்பவர்கள் உண்டு. அதே வளைவில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இன்னும் 31 என்று எண்ணுகிறவர்களும் உண்டு. இந்தக் குறிப்புகள் இரண்டாமவர்களுக்காக.

*

கொல்லிமலைக்கு 70 வளைவு. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி ஏற 36. ஏற்காட்டுக்கு 20. சுற்றுலா விளம்பரங்களில் இவை பெருமைக்குரிய எண்கள். மலையிலேயே வாழ்பவர்களுக்கு அப்படி இல்லை. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்குப் பெரிய மருத்துவமனை கீழே, பொள்ளாச்சியிலோ கோவையிலோ. மகளைக் கட்டிக்கொடுத்த ஊரும் பெரும்பாலும் கீழேதான். பேருந்து ஒத்துக்கொள்ளாது என்பதற்காகவே தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஸ்கேன் எடுக்கப் போவதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களையும் தெரியும். "அவளுக்கு எப்பவும் அப்படித்தான்" என்று வீடு அதை ஒரு வரியில் முடித்துவிடும். அந்த ஒரு வரிதான் என்னைக் கோபப்படுத்துகிறது. பெருமளவு தணிக்கக்கூடிய ஒன்றை விதி என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

*

உள்ளே என்ன நடக்கிறது?

காதுக்குக் கேட்பது மட்டும் வேலை இல்லை. உட்செவியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் திரவம். செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு செம்பைச் சட்டென்று திருப்பினால், உள்ளே இருக்கும் தண்ணீர் கூடவே திரும்பாமல் ஒரு கணம் பின்தங்கும். தலை திரும்பும்போது குழலுக்குள்ளும் அப்படித்தான். பின்தங்கும் திரவம் அங்குள்ள நுண்மயிர்களை வளைக்க, தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று மூளைக்குச் செய்தி போகிறது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு பைகள். அவற்றில் மிக நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் பதிந்திருக்கின்றன. வண்டி முன்னே பாய்வதையும், பிரேக் பிடிப்பதையும், பள்ளத்தில் இறங்கி ஏறுவதையும் சொல்வது அவை.

இப்போது பேருந்துக்கு வருவோம். வளைவில் வண்டி திரும்புகிறது. காது அதைச் சரியாகச் சொல்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகையோ கையிலுள்ள போனையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. அவை அசையவில்லை. 'சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது கண்; 'சுழல்கிறோம்' என்கிறது காது. இந்த முரண்பாடுதான் தொந்தரவின் வேர் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஜேம்ஸ் ரீசன், பிராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1975-ல் எழுதிய நூலில் இதை விரிவாக நிறுவினார்கள். அவர்கள் சொன்னதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. முரண்பாடு கண்ணுக்கும் காதுக்கும் இடையில் மட்டும் இல்லை; நடப்பதற்கும், இதுவரை பழகியதை வைத்து மூளை எதிர்பார்த்திருந்ததற்கும் இடையிலும் இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு என்பதைப் பிடித்துக்கொண்டால் மருந்தில்லாத வைத்தியம் பாதி கைக்கு வந்துவிடும்.

வயிறு இந்தக் கதையில் கடைசியாகத்தான் வருகிறது. இரைப்பையில் சாதாரணமாக நிமிடத்துக்கு 3 முறை எழும் மின் அலை, குமட்டல் வரும்போது தாறுமாறாக வேகமெடுக்கிறது. உள்ளே இருப்பதைக் கீழே தள்ளும் வேலை நின்றுபோகிறது. ஆனால் உத்தரவு மேலிருந்து வந்தது. காலையில் தின்ற இட்லியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

*

காதுதான் மூலம் என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882-ல், காது கேளாதவர்கள் பலருக்குச் சுற்றினாலும் தலைசுற்றல் வருவதில்லை என்று எழுதினார். 1950-களின் கடைசியில் ஆஷ்டன் கிரேபியல் என்ற மருத்துவர், அமெரிக்கக் கடற்படைக்காகவும் பிறகு நாசாவுக்காகவும், வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியிலிருந்து 11 பேரை அழைத்துக்கொண்டார். அவர்களில் 10 பேர் சிறுவயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர்கள். உட்செவியின் சமநிலை உறுப்பும் அதோடு போயிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா அருகே கொந்தளிக்கும் கடலில் அவர்களைக் கப்பலில் ஏற்றிப் பார்த்தார்கள். அந்த ஆட்டத்தில் அவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். சோதிக்க வந்த ஆய்வாளர்கள் நிலைகுலைந்து போய்ச் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

மலைப்பாதையில் துவண்டுபோகும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் காது நன்றாக வேலை செய்கிறது. அதனால்தான் இந்தப் பாடு. பலவீனம், பழக்கமின்மை, 'கிராமத்து உடம்பு' என்றெல்லாம் பேசுவதில் பொருளே இல்லை.

*

முரண்பாடு வந்தால் வாந்தி ஏன் வரவேண்டும்? தும்மலோ விக்கலோ வந்திருக்கலாமே. 1977-ல் மைக்கேல் டிரைஸ்மன் ஒரு யோசனை சொன்னார். நச்சுக்காயைத் தின்ற விலங்குக்கு முதலில் குழம்புவது பார்வையும் சமநிலையும். கண்ணும் காதும் ஒத்துப்போகவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கலாம் என்று பண்டைய மூளை முடிவு செய்து, இரைப்பையைக் காலி செய்யச் சொல்கிறது. வண்டியும் கப்பலும் வந்தது நேற்று; மூளையின் அந்த ஏற்பாடு பல லட்சம் ஆண்டுப் பழையது. எல்லோரும் இதை ஏற்கவில்லை. எனக்கு இது மனதுக்கு உகந்த விளக்கம், உடம்பு நம்மைக் காப்பாற்றத்தான் முயன்றது என்று சொல்வதால்.

*

எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் இந்த ஆராய்ச்சிக்கு ஆய்வகத்து எலி பயன்படவில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980-களில் கண்டுபிடித்த மாற்று, நம் வீட்டு மூலைகளில் இரவில் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு. தட்டில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் சில நிமிடங்களில் வாந்தி எடுத்துவிடும். பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டுவிட்டு வண்டியை எடுக்கிற ஊர் நம்முடையது. அவருடைய வாகனம்தான் பயண வாந்திக்கு மருந்து தேட உலகத்துக்கு உதவியிருக்கிறது என்பதைப் படித்தபோது, அந்தச் சிறு பிராணியின்மேல் தனி மரியாதை வந்தது.

*

டிரைவருக்கு வாந்தி வருவதில்லை. அதே வண்டி, அதே வளைவு, அதே டீசல் வாடை. சொந்தக் காரை ஓட்டும்போது நன்றாக இருப்பவர், பின் சீட்டுக்கு மாறியதும் வெளிறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவருக்கு அடுத்த நொடியில் என்ன நடக்கும் என்று தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்புவதே அவர்தான். மூளை எதிர்பார்த்ததுதான் நடக்கிறது, முரண்பாடு இல்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறார்கள். வளைவில் ஓட்டுநர் தலையை வளைவின் உட்பக்கமாகச் சாய்க்கிறார். பயணி விசையில் தள்ளப்பட்டு வெளிப்பக்கமாகச் சாய்கிறார். ஓட்டுநரைப் போலவே உட்பக்கம் சாயுமாறு பயணிகளிடம் சொல்லி ஜப்பானில் சோதித்தபோது அவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. முன் சீட்டு கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். சாலையைப் பார்த்துக்கொண்டே, வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்பாக, வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறதோ அந்தப் பக்கம் தலையை மெல்லச் சாய்ப்பது. சின்னப் பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகவே சொல்லித்தரலாம்: "நீதான் டிரைவர், இப்ப எந்தப் பக்கம் திருப்புவ?"

எதிர்பார்ப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரயிலிலும் பாடம் உண்டு. வளைவில் பெட்டியே சாய்ந்துகொடுக்கும் அதிவேக ரயிலைப் பிரிட்டன் 1981 டிசம்பரில் ஓடவிட்டது. முதல் பயணங்களில் ஏறிய பத்திரிகையாளர்கள் பலருக்குக் குமட்டியது. பெட்டி பக்கவாட்டு விசையை ஏறக்குறைய முழுதும் ஈடுகட்டிவிட்டதால், உடம்பு வளைவை உணரவே இல்லை; கண்ணோ சாய்ந்த நிலத்தைப் பார்த்தது. பிறகு சுவிஸ் ரயில் ஒன்றில் செய்த ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. வளைவு தொடங்கிய பிறகு தாமதமாகப் பெட்டி சாய்ந்தால் பயணிகளுக்குக் குமட்டல். வளைவு தொடங்கும் அதே கணத்தில் சாய்ந்தால் குமட்டல் இல்லை. ஒரு சிறு தாமதம்தான் வித்தியாசம்.

*

டிரைவர் அண்ணன்களுக்கு ஒரு கணக்கு.

வளைவில் ஆளை வெளியே தள்ளும் விசை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால், 60 கிலோ எடையுள்ள பயணியை 12, 13 கிலோ அளவு விசை பக்கவாட்டில் தள்ளும். 30-ல் எடுத்தால் அது 28 கிலோ. வேகம் கூடியது ஒன்றரை மடங்கு, தள்ளல் இரண்டு மடங்குக்கும் மேல். வளைவுக்கு முன்பே மெல்ல வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், வெளியே வந்த பிறகு கியரை மாற்றுகிறவர் ஓட்டும் வண்டியில் கவர்கள் பெரும்பாலும் மடித்தபடியே திரும்பி வரும். மலைப்பாதை டிரைவர்களில் இப்படி ஓட்டுகிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுடைய வண்டியில்தான் போவேன் என்று நேரம் பார்த்துக் காத்திருக்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். அந்த டிரைவர்களுக்குப் பதக்கம் கொடுத்தால் நான் கைதட்டுவேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயில் இந்தக் கணக்கின் இன்னொரு முனை. 46 கிலோமீட்டரை ஏற ஏறக்குறைய 5 மணி நேரம். வளைவுகள் 200-க்கும் மேல் இருந்தாலும் அந்த வேகத்தில் காதுக்குப் பெரிதாகப் புகார் ஒன்றும் எழுவதில்லை. பேருந்தை அறவே தாங்காதவர்கள் இதில் டிக்கெட் கிடைக்குமா என்று முன்கூட்டியே பார்க்கலாம்.

*

இருக்கை. மாத்திரையைவிட முதலில் பேச வேண்டியது இதுதான்.

பேருந்தின் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, முன்பக்கமாக, டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது மூன்றாவது வரிசை நல்லது. ஆட்டம் குறைவு, கண்ணாடி வழியே சாலையும் தெரியும். பின் சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி நீள சீட்டு ஆகவே ஆகாது. வளைவில் அதிகமாக வீசப்படுவது அந்தப் பகுதிதான், மேலும் கீழுமாகத் தூக்கிப் போடுவதும் அங்கேதான். என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் பக்கவாட்டாகப் போட்ட சீட்டு முன்னால் இருந்தாலும் உதவாது. சூடும் வாடையும் ஒருபுறம், வண்டி போகும் திசையைப் பார்க்காமல் உட்காருவது மறுபுறம். ஆம்னி வேனில் பின்னோக்கி உட்காருகிற சீட்டில் எப்போதும் குழந்தைகளைத்தான் போடுகிறோம். மிகவும் பாதிக்கப்படும் வயதை மிக மோசமான இடத்தில் உட்கார வைக்கும் இந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும். காரிலும் குழந்தையின் இருக்கையைச் சட்டமும் பாதுகாப்பும் அனுமதிக்கும் அளவில், வெளியே தெரியும் உயரத்துக்கு ஏற்றி வைப்பது நல்லது.

தலையைச் சீட்டில் நன்றாகச் சாய்த்து ஆடாமல் வைக்க வேண்டும். வண்டி வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது, கீழே விழுந்த பையை எடுக்கக் குனிவதைப் போலக் கெடுதல் வேறில்லை. வண்டி ஓர் அச்சில் சுழல, தலை இன்னோர் அச்சில் சாய, மூன்று குழல்களும் ஒரே நேரத்தில் குழம்பிப் போகும். பைலட்டுகளைச் சோதிக்க ஆய்வகத்தில் சுழல் நாற்காலியில் வேண்டுமென்றே செய்ய வைப்பது இதைத்தான். தண்ணீர் பாட்டில், கவர், துண்டு எல்லாம் மடியிலேயே இருக்கட்டும்.

கண்ணுக்கு இரண்டே வழி: தொலைவில் நிலையாகத் தெரியும் எதையாவது, மலை முகட்டையோ சாலையின் கடைசியையோ பார்ப்பது, இல்லையென்றால் மூடிவிடுவது. தூக்கம் வந்தால் பாக்கியம். பக்கத்தில் ஓடும் மரங்களையும் உள்ளே இருக்கும் எதையும் பார்க்க வேண்டாம்.

*

யாருக்கு வரும்? கைக்குழந்தைகளுக்குப் பொதுவாக வருவதில்லை. 2 வயதுக்கு மேல் தொடங்கி, 12 வயது வரை உச்சத்தில் இருந்து, பிறகு பலருக்குக் குறைகிறது. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். மாதவிடாயை ஒட்டியும் கர்ப்ப காலத்திலும் கூடும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மிக அதிகம். பயண வாந்தியைச் சொல்லும் பெண்ணிடம் தலைவலி உண்டா என்று கேட்பது நல்ல மருத்துவரின் வழக்கம்.

வீரத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன், வாழ்நாளெல்லாம் கடலில் இருந்தும், காற்று பலமானால் தமக்கு இன்றும் குமட்டுகிறது என்று 1804-ல் கடிதம் எழுதினார். சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் ஐந்தாண்டு காலம் இதே அவதியோடுதான் சுற்றினார். உலர்திராட்சை மட்டும்தான் வயிற்றில் தங்கியது. 1961 ஆகஸ்டில் 25 வயதான கெர்மன் டிட்டோவ் வஸ்தோக்-2-ல் பூமியை 17 முறை சுற்றினார். விண்வெளியில் முதன்முதலாகக் குமட்டி வாந்தி எடுத்த மனிதர் அவரே. அவருக்குப் பின் போன விண்வெளி வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முதல் சில நாட்கள் இதை அனுபவித்திருக்கிறார்கள். மறுபக்கம், 1888-ல் லண்டனுக்குக் கப்பலேறிய 18 வயது காந்திக்குக் கடல் ஒன்றுமே செய்யவில்லை. சுயசரிதையில் அவரே அதைக் குறித்திருக்கிறார். அமைப்பு அப்படி, அவ்வளவுதான்.

*

வாந்தி திடீரென்று வருவதில்லை. முன்னறிகுறிகள் வரிசையாக வரும், நாம்தான் கவனிப்பதில்லை. பேசிக்கொண்டே வந்த குழந்தை பேச்சை நிறுத்தும். கொட்டாவி விடும். முகம் வெளுக்கும், மேலுதட்டில் குளிர்ந்த வியர்வை அரும்பும், எச்சில் ஊறி ஊறி விழுங்கும். கொட்டாவியைப் பார்த்துத் தூக்கம் வருகிறது போல என்று விட்டுவிடுவோம். அந்தச் சோர்வும் இந்தத் தொந்தரவின் பகுதிதான். சிலருக்கு வாந்தியே வராமல் சோர்வு மட்டும் வந்து, இறங்கிய பிறகும் பல மணி நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கொட்டாவிக் கட்டத்திலேயே செய்தால் பலன் உண்டு. போனை வாங்கி வைப்பது, சன்னலைத் திறப்பது, தலையைச் சாய்த்துக் கொடுப்பது, "கண்ணு, தூரத்துல அந்த மலையைப் பாரு" என்பது. மூச்சை எண்ணி மெதுவாக, ஒரே சீராக விடச் சொல்லுங்கள். மூச்சில் கவனம் வைத்தவர்கள் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பிடித்த பாட்டும் உதவுகிறது. பிள்ளையிடம் பத்து தடவை "வாந்தி வருதா, வாந்தி வருதா?" என்று கேட்பது மட்டும் வேண்டாம். பயம் அதைக் கூட்டும்.

*

சாப்பாடு. 'ஒன்றும் தின்னாதே, எடுத்துடுவே' என்று வெறும் வயிற்றோடு அதிகாலை வண்டி ஏற்றுகிறோம். அது தவறு. வெறும் வயிறும் குமட்டும். எடுக்க ஒன்றுமில்லாமல் பித்தநீர் வரும்போது தொண்டை எரிந்து குழந்தை துடித்துப் போகும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, அல்லது ரொட்டித்துண்டு, கொஞ்சம் தண்ணீர். பூரி, பொங்கல், நெய் தோசை, வயிறு முட்டப் பால் கலந்த காபி இவற்றை ஊர் போய்ச் சேர்ந்த பின் வைத்துக்கொள்ளலாம்.

*

பேருந்து நிலையங்களில் இஞ்சி மொரப்பா விற்கிறவரைக் கண்டால் வாங்கிவிடுவேன். இஞ்சிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 1988-ல் டென்மார்க்கில் 80 கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்குக் கொந்தளிக்கும் கடலில் ஒரு கிராம் இஞ்சிப்பொடி கொடுத்துப் பார்த்தார்கள். வாந்தியும் குளிர்வியர்வையும் குறைந்தன. வேறு சில ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. கெடுதல் இல்லாத, விலை குறைந்த ஒன்று என்பதால் நான் அதன் பக்கம்தான்.

எலுமிச்சையை முகர்வது நோயின் வேரைத் தொடுவதில்லை. ஆனால் டீசல், வியர்வை, பக்கத்து சீட்டின் மீன்கூடை என்று மூக்கில் ஏறுகிற எல்லாவற்றையும் அது மறைக்கிறது. நல்ல வாசனை குமட்டலைத் தணிப்பதும் உண்மை. மணிக்கட்டில் கட்டும் அழுத்தப் பட்டைக்குச் சான்றுகள் உறுதியாக இல்லை. செய்தித்தாளை மடித்து அதன்மேல் உட்காரும் வழக்கத்துக்கு உடலியல் காரணம் ஒன்றும் கிடையாது. அப்படி உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்று நம்பும் பாட்டியை எழுப்பிவிடவும் நான் சொல்லமாட்டேன். நம்பிக்கை அச்சத்தைக் குறைக்கிறது, அச்சம் குறைந்தால் குமட்டலும் குறைகிறது.

*

மாத்திரை பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். அதிகக் குழப்பம் இங்கேதான்.

கதை 1947-ல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தொடங்குகிறது. தோல் தடிப்புக்காக வந்த ஒரு கர்ப்பிணிக்கு டாக்டர்கள் லெஸ்லி கேயும் பால் கார்லினரும் ஒவ்வாமைக்கான புது மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். அவருக்கு டிராம் வண்டி ஏறினாலே குமட்டும். மாத்திரை போட்ட நாளில் டிராமில் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் வந்து சொன்னார். அந்த நோயாளி கவனித்துச் சொன்னதும், டாக்டர்கள் காதுகொடுத்துக் கேட்டதும்தான் கண்டுபிடிப்பு. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குப் போன ராணுவக் கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை வைத்துச் சோதித்தார்கள். டைமென்ஹைட்ரினேட் என்ற அந்த மருந்து உலகமெங்கும் பரவியது. நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் அவோமின், அதாவது புரோமெதசின், இதே குடும்பம்தான். ஸ்டுஜெரான் என்ற பெயரில் கிடைக்கும் சின்னாரிசினும் பயன்படுகிறது.

இவற்றுக்கு முந்தியது ஹையோசின். ஊமத்தையிலும் அதன் உறவுச் செடிகளிலும் இருக்கும் பொருள் அது. 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகளுக்குக் கப்பல் குமட்டலுக்கு இந்த வகை மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் ஊமத்தை இலைப் பக்கம் போக வேண்டாம். அது உயிரைக் குடிக்கும் விஷம். மருந்தாக அளந்து எடுத்தது வேறு, செடி வேறு.

நம் வீடுகளில் வாந்தி என்றதும் கைக்கு வருவது ஆன்டன்செட்ரான் அல்லது டோம்பெரிடோன். வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கும் புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கும் ஆன்டன்செட்ரான் மிக நல்ல மருந்து. பயண வாந்திக்கு அது சரிவர வேலை செய்வதில்லை, ஏனென்றால் இங்கே கலகம் தொடங்குவது உட்செவியில். சளிக்குக் கொடுக்கும் தூக்கம் வராத செட்ரிசின் வகையும் இதற்குப் பயன்படாது. 'மாத்திரை போட்டும் வாந்தி நிற்கலை' என்று சொல்கிறவர்கள் என்ன மாத்திரை, எப்போது போட்டோம் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும்.

எப்போது என்பது அதே அளவு முக்கியம். வண்டி ஏறுவதற்கு அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பே, மருந்துக்கு ஏற்றபடி, போட்டாக வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு இரைப்பை எதையும் கீழே அனுப்புவதில்லை. அப்போது விழுங்கியது அங்கேயே கிடந்து வெளியே வந்துவிடும். முதல் வளைவில் மாத்திரையைப் பிரிப்பது வீண். தூக்கம் வரும், வாய் உலரும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, மதுவோடு சேரக் கூடாது. 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் புரோமெதசின் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகள், கண் அழுத்த நோயோ புராஸ்டேட் தொந்தரவோ உள்ளவர்கள், சிறுபிள்ளைகள் எல்லோரும் டாக்டரிடம் கேட்டுத்தான்.

*

சன்னலுக்கு வெளியே தலையை நீட்டாதீர்கள். இதை எத்தனை தடவை எழுதினாலும் தகும். குமட்டியதும் கழுத்துவரை வெளியே நீட்டி, எதிரே வந்த லாரியிலோ மின்கம்பத்திலோ அடிபட்டு உயிர்போன செய்திகளை நாளிதழில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். பேருந்துக்குள் எடுத்தால் திட்டுவார்களே என்ற கூச்சம்தான் அந்தத் தலையை வெளியே தள்ளுகிறது. யாரும் திட்டாத பேருந்தில் அந்தச் சாவு நடக்காது.

ஓட்டை இல்லாத கவர், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. உள்ளே ஒரு பழைய செய்தித்தாள். விமானத்தில் சீட்டுப் பையில் இருக்கும் பிளாஸ்டிக் உள்தாள் வைத்த பையை 1949-ல் கில்மோர் ஷெல்டால் என்பவர் உருவாக்கினார். இத்தனை ஆண்டுகளாகியும் நம் மலைப் பேருந்துகளில் அப்படி ஒன்று இல்லை. கண்டக்டரிடம் ஒரு கட்டுக் காகிதப் பை கொடுத்து வைக்க எவ்வளவு செலவாகும்? முன்னிரண்டு வரிசையில் நான்கு இடத்தை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு என்று மலைத்தடங்களில் ஒதுக்கினால் யாருக்கு நட்டம்? பணிமனைகள் நினைத்தால் நாளைக்கே செய்யலாம்.

எடுத்து முடித்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கட்டும், உடனே பல் தேய்க்க வேண்டாம். அமிலம் பட்ட பல்லைத் தேய்த்தால் எனாமல் தேயும். ஒரு கால் மணி நேரம் கழித்துத் தண்ணீரோ உப்பு சர்க்கரைக் கரைசலோ சிறு சிறு மடக்காக.

*

கடல் வேறு தாளம். ஐந்து நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஆட்டம்தான் மனிதரை அதிகமாகப் புரட்டும் என்று அளந்திருக்கிறார்கள். பெரிய அலையில் கப்பல் பெரும்பாலும் அந்த அளவில்தான் எழுந்து அமர்கிறது. நடப்பதும் ஓடுவதும் அதைவிட வேகமான தாளம், அதனால்தான் நம் காலில் நடக்கும்போது ஒன்றும் ஆவதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் போன தலைமுறை, மருந்தே இல்லாமல் இதைக் கடந்தது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் போகிறவர்கள் இன்றும் ஏறக்குறைய மூன்று நாள் இதில்தான். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. தொடுவானம் பார்க்க வேண்டுமானால் மேல்தளத்தின் நடுவே.

இரண்டு மூன்று நாளில் மூளை புதிய ஆட்டத்தைக் கற்றுக்கொண்டுவிடும். உலகில் இருக்கும் எல்லா மருந்தையும்விட உறுதியான நிவாரணம் இந்தப் பழக்கம்தான். பிரிட்டிஷ் விமானப்படையில் குமட்டும் பைலட்டுகளை வேலையை விட்டு அனுப்பாமல், சுழல் நாற்காலியில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கி மீண்டும் பறக்க வைக்கிறார்கள். குழந்தைக்கும் அதே வழி. மலை வேண்டாம், முதலில் நேரான சாலையில் அரை மணி நேரம், முன் சீட்டில், நல்ல மனநிலையில். பிறகு கொஞ்சம் நீளமாக. எடுத்துவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு இன்னொரு நாள்.

*

போன். பேருந்தில் இப்போது எல்லாத் தலையும் கவிழ்ந்தே இருக்கிறது. ஓரத்தில் புள்ளிகள் வண்டியின் அசைவுக்கு ஏற்ப நகரும் வசதியை 2024-ல் ஆப்பிள் நிறுவனம் தன் போனில் சேர்த்தது. கண்ணுக்கும் காதுக்கும் ஒரே செய்தி போகட்டும் என்ற யோசனை. நல்ல யோசனைதான். வளைவில் போனைப் பையில் வைப்பது அதைவிட நல்லது.

*

இறங்கும் பயணத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஏறும்போது மாத்திரை, மொரப்பா, முன் சீட்டு என்று எல்லாம் நடக்கும். திரும்பும்போது கல்யாணச் சாப்பாடு முடித்த கையோடு கிடைத்த சீட்டில் ஏறிவிடுவார்கள். இறக்கத்தில் பிரேக் அதிகம். திரும்பலோடு முன்னும் பின்னும் தள்ளலும் சேர்ந்துகொள்ளும், காதுக்கு ஏற்றத்தைவிட வேலை கூடுதல். காலையில் போட்ட மாத்திரையின் பலம் மாலைக்குள் தீர்ந்திருக்கும். அடுத்த வேளையை எப்போது போடலாம் என்று வாங்கும்போதே மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பந்தியில் பாயசத்தை அடுத்த தடவைக்குத் தள்ளிவையுங்கள். வண்டி புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்பே நிலையத்துக்குப் போனால், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை பெரும்பாலும் கிடைத்துவிடும்.